நோயாளி யார் பொறுப்பு? இஸ்லாமியப் பணிவிடை நெறியும் அட்டப்பாடியும்

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில், பவானியும் சிறுவாணியும் ஓடும் அட்டப்பாடி மலைப்பகுதியின் முக்கிய ஊர் அகளி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடிகளின் நிலம் இது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001இல் அவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். கிழக்கேயிருந்து கொங்குத் தமிழரும், மேற்கே மண்ணார்க்காட்டுச் சுரம் ஏறி மலையாளிகளும் குடியேறினார்கள். வந்தவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு.

அகளியில் சமூக சுகாதார மையம் இருக்கிறது. கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு சிறப்பு மருத்துவமனையும், அகளியிலேயே சுவாமி விவேகானந்தா மெடிக்கல் மிஷன் மருத்துவமனையும் உள்ளன. இவற்றின் கைக்கு மீறிய நோயாளியைக் கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் சுரம் இறங்கி மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, திருச்சூர் என்று போக வேண்டும். பெரிந்தல்மண்ணா இருக்கும் மலப்புரம் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் முஸ்லிம்கள். அங்கே தட்டம் என்ற தலைத்துணி அணிந்த ஒரு செவிலியர் இருளப் பெண்ணொருத்திக்கு ஊசி போடுவதும் காயம் கட்டுவதும் அன்றாட நிகழ்ச்சி.

அந்தச் செவிலியரிடமிருந்து இஸ்லாம் எதை எதிர்பார்க்கிறது? செவிலியப் பாடநூல்கள் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டே கேட்கின்றன: முஸ்லிம் நோயாளிக்கு என்ன வேண்டும்? பதிலும் ஒரு பட்டியலாக வந்துவிடும். ஹலால் உணவு, தொழுகைக்கு இடம், பெண் நோயாளிக்குப் பெண் செவிலியர், நோன்பு நாளில் மாத்திரை நேரத்தை மாற்றுதல். பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் அது இஸ்லாத்தை நோயாளியின் அடையாள அட்டையில் எழுதிய ஒரு குறிப்பாகச் சுருக்கிவிடுகிறது. நோயுற்றவரைக் கவனிப்பது யார் கடமை, அதை யார் சார்பில் யார் செய்கிறார், செய்தவருக்கு என்ன தர வேண்டும் என்பவற்றில் இஸ்லாமிய மரபு கொண்டுள்ள தெளிவான நிலை அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அந்த நிலையின் கனத்தை உரசிப் பார்க்க அட்டப்பாடியைவிடக் கடினமான இடம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

முஸ்லிம் உலகம் தன் முதல் செவிலியராகக் கொண்டாடுவது ருஃபைதா அல் அஸ்லமிய்யாவை. மதீனாவைச் சேர்ந்த அஸ்லம் குலத்துப் பெண். மருத்துவரான தந்தையிடம் தொழில் கற்றவர் என்கிறது மரபு. 627இல் நடந்த அகழ்ப் போரில் சஅத் இப்னு முஆத் என்ற தோழர் கையில் அம்பு பட்டுக் காயமடைந்தார். நபிகள் நாயகம் அவரைத் தங்கவைத்தது பள்ளிவாசல் வளாகத்தில் இருந்த ருஃபைதாவின் கூடாரத்தில். மறு ஆண்டு கைபர் போரில் காயம்பட்டோரைக் கவனித்த பெண்களுக்குப் போர்ப்பொருளில் பங்கு தரப்பட்டதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளை நாம் எளிதில் கடந்துபோய்விடுகிறோம். பணிவிடை நடந்த இடம் ஊரின் நடுவிலிருந்த பொது வழிபாட்டுத் தலம். செய்தவருக்குக் கிடைத்தது, பாராட்டோடு ஊதியமும்.

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் இந்தக் கூடாரம் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பக்தாதின் அளுதி மருத்துவமனை (982), டமாஸ்கஸின் நூரி மருத்துவமனை (1154), கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனை (1284) ஆகியவை வக்ஃபு எனும் அறக்கொடைச் சொத்துகளின் வருமானத்தில் நடந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அந்தந்தப் பிரிவில் அந்தந்தப் பாலினப் பணியாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கிண்ணத்தில், மூடிய உணவு கொடுக்க வேண்டும், வெயில் காலத்தில் விசிற ஓலை விசிறி தர வேண்டும் என்று மன்சூரி மருத்துவமனையின் வக்ஃபுச் சாசனம் சொன்னது. மருந்துச் செலவுக்கு நிதி ஒதுக்குவது எந்த அரசரும் செய்யக்கூடியது. விசிறியைச் சாசனத்தில் எழுதிவைத்தவர், நோயாளியின் வியர்வையைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

ஒருவர் செய்தால் போதும், எவரும் செய்யாவிட்டால்?

இஸ்லாமியச் சட்டவியலில் கடமைகள் இரண்டு வகை. தொழுகை, நோன்பு போன்றவை ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விழுபவை. மற்றது ஃபர்ளு கிஃபாயா. இது சமூகம் முழுவதன் மீதும் விழும் கூட்டுக் கடமை. போதுமான சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள் விடுபடுகிறார்கள். எவருமே செய்யவில்லை என்றால் ஊர் மொத்தமும் குற்றவாளி. இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, ஜனாஸா தொழுது அடக்குவது இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தையும் இந்த வகையில் சேர்த்தார். ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் அறிவு பற்றிய பகுதியில் அவர் தம் காலத்துச் சமூகத்தைக் கடுமையாகச் சாடுகிறார். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சட்டக் கல்வியின் பின்னால் ஓடுகிறார்கள். காரணம், பதவியும் வக்ஃபுப் பொறுப்பும் அதில்தான் கிடைக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. மருத்துவம் கூட்டுக் கடமை என்றால், மருந்தை உரிய நேரத்தில் கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைத் துடைத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் பணி அதற்கு வெளியே நிற்க முடியாது.

இந்தச் சட்டக் கருத்துக்குப் பின்னால் ஓர் ஆழமான நம்பிக்கையும் இருக்கிறது. மறுமை நாளில் இறைவன் மனிதனிடம், தான் நோயுற்றபோது ஏன் பார்க்க வரவில்லை என்று கேட்பதாகவும், நோயுற்றிருந்த ஓர் அடியாரைப் போய்ப் பார்த்திருந்தால் தன்னை அங்கேயே கண்டிருக்கலாம் என்று சொல்வதாகவும் ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் பதிவான ஒரு ஹதீஸ் (நபிமொழி) கூறுகிறது. நோயாளியை நலம் விசாரிப்பது இதனால்தான் வணக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்த பின்னும் உறவினர் கூட்டம் கலையாமல் நிற்பதற்குப் பின்னாலும் இந்த உணர்வு உண்டு. அதை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்கும் செவிலியர் ஒரு துணையை இழக்கிறார். கூட்டத்தில் ஒருவரை இரவுத் துணைக்கும் ஒருவரை மருந்து வாங்கவும் அமர்த்தத் தெரிந்தவர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

ஜி. ஹுசைன் ரசூல் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, பராமரிப்பு குறித்த இஸ்லாமியப் பார்வையை ஆங்கிலச் செவிலிய ஆய்விதழ் ஒன்றில் முன்வைத்த முக்கியமான முயற்சி. சவூதி அரேபியாவில் பணியாற்றிய சாண்ட்ரா லவ்ரிங், அரபு முஸ்லிம் செவிலியர்களின் அனுபவங்களை ஆராய்ந்து 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். அதிலிருந்து ‘பிறைப் பராமரிப்பு’ என்ற மாதிரியை உருவாக்கினார். நோயாளியும் குடும்பமும் மையத்தில் இருக்க, ஆன்மிகம், பண்பாடு, மனம், உறவு, சிகிச்சை ஆகியவை சுற்றி அமையும் மாதிரி அது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இரண்டிலும் வெளிச்சம் விழுவது செவிலியருக்கும் நோயாளிக்கும் இடைப்பட்ட உறவின் மீது. கூட்டுக் கடமை என்ற கருத்தை எடுத்துக்கொண்டால் மூன்றாவது தரப்பும் காட்சிக்கு வந்துவிடுகிறது: செவிலியர் யாருடைய கடனை அடைத்துக்கொண்டிருக்கிறாரோ அந்த ஊர்.

ஏர்வாடியும் மலப்புரமும்

ஊர் தன் கடனைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் பார்த்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். அங்கேயுள்ள தர்காவுக்கு எல்லா மதத்தவரும் நம்பிக்கையோடு வந்தார்கள். வந்தவர்களில் பலர் நோயாளியைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். பக்தி இருந்தது, பணமும் கைமாறியது, பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. துஆவோடு மருந்தையும் தரும் திட்டம் குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கி, பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. நோய்க்கு மருந்து உண்டு, அதைத் தேடுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கும்போது, பிரார்த்தனையையும் மாத்திரையையும் எதிரெதிரே நிறுத்தியது மார்க்கத்தின் வேலை அல்ல. நம் அலட்சியத்தின் வேலை.

எதிர்த்திசையில் நடந்ததற்கு மலப்புரம் சான்று. 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். புற்றுநோயாளி கிளினிக்குக்கு வர முடியாத நிலையில் வீட்டுக்குப் போவது யார் என்ற கேள்விக்கு, நூற்றாண்டின் திருப்பத்தில் மலப்புரத்தில் விடை கிடைத்தது. அண்டை அயலாரே தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடுவீடாகப் போகும் ஏற்பாடு அது. கடைகளில் வைத்த உண்டியல், பேருந்துத் தொழிலாளர் தந்த ஒருநாள் வசூல், பள்ளிவாசல் சேகரிப்பு, வளைகுடாவிலிருந்து வந்த தொகை என்று சிறுசிறு காசில் அது நடந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், இடதுசாரி எல்லோரும் அதில் இருந்தார்கள். மத இயக்கமாக அது ஒருபோதும் இயங்கவில்லை. ஆனால் சதக்கா என்ற தருமத்தையும் அண்டைவீட்டார் உரிமையையும் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த மக்களுக்கு இந்த அழைப்பு அந்நியமாகப் படவில்லை.

2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமானது கேரளம். உள்ளாட்சிகள்தோறும் செவிலியர் தலைமையில் வீட்டுப் பராமரிப்பு என்ற முறை அதன்பின் பரவியது. இந்திய மக்கள்தொகையில் 3 சதவீதமே கொண்ட கேரளம், நாட்டின் நோய்த்தணிப்புச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கை அளிப்பதாக 2010இல் வெளியான சர்வதேச ஒப்பீட்டு அறிக்கை கூறியது. அதே தன்னார்வலர் வலையைக் கொண்டு மனநோயாளிகளைக் கவனிக்க 2008இல் கோழிக்கோட்டில் டாக்டர் மனோஜ் குமார் மனநலச் செயல் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏர்வாடியில் அறுந்துபோன கண்ணி இங்கே கோக்கப்பட்டது.

கட்டிலருகே

பெரிய கோட்பாடு கடைசியில் சின்னச் சின்ன முடிவுகளாகத்தான் நோயாளியை வந்தடைகிறது. அந்த முடிவுகளில் பலவற்றுக்கு இஸ்லாமியச் சட்டவியல் இடம்கொடுத்தே வைத்திருக்கிறது. நோயாளிக்கும் சில சமயம் செவிலியருக்கும்தான் அது தெரிவதில்லை.

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம். தண்ணீர் படக்கூடாத காயம் என்றால் ஒளுவுக்குப் (தொழுகைக்கு முன் நீரால் கழுவுதல்) பதில் மண்ணைக் கொண்டு செய்யும் தயம்மும் போதும். இதை ஒரு செவிலியர் நினைவூட்டினால், தையல் போட்ட வயிற்றோடு குனிய முயலும் முதியவரைத் தடுக்கலாம்.

நோன்பு இன்னும் சிக்கலானது. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்களிக்கிறது. ஆனாலும் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களில் ஏறக்குறைய 79 சதவீதத்தினர் ரமலானில் 15 நாட்களாவது நோன்பிருந்தது தெரிந்தது. ‘நோன்பு வைக்காதீங்க’ என்ற ஒற்றை வரி அவர்களிடம் எடுபடாது. நோன்புக்கு முன்பே வரச்சொல்லி, மருந்தின் அளவை மாற்றி, விரல்நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று விளக்கி, அளவு இறங்கினால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் செவிலியரின் பேச்சுத்தான் எடுபடும்.

பெண்ணுக்குப் பெண் என்ற விதியும் அப்படியே. கிடைக்கும்போது அதுவே முறை. உயிர்போகும் நேரத்தில் நிர்ப்பந்தம் விதியைத் தளர்த்துகிறது. திரையை இழுத்துவிடுவது, தேவையான இடத்தை மட்டும் திறப்பது, தொடுமுன் கேட்பது ஆகியவை எந்த நெருக்கடியிலும் செய்யக்கூடியவை. இருள மூதாட்டிக்கும் அவை அதே அளவு தேவை. கூச்சம் எந்த ஒரு மதத்தின் தனியுடைமையும் அல்ல.

மார்ஃபின் கேள்வி கடினமானது. வலியைப் பொறுத்துக்கொண்டால் பாவம் கழியும் என்று நம்பும் நோயாளியும், கலிமா சொல்லும் நேரத்தில் அப்பாவுக்கு நினைவு தப்பக்கூடாது என்று அஞ்சும் மகனும் உண்டு. போதைப்பொருள் ஹராம் என்ற தயக்கமும் சேரும். மருத்துவத் தேவைக்கு அது அனுமதிக்கப்பட்டதே என்பது அறிஞர்களின் பரவலான நிலைப்பாடு. அளவாகக் கொடுத்த மார்ஃபின் நினைவைப் பறிப்பதைவிட, வலியில் சிதறிப்போன நினைவை மீட்டுத் தருவதே அதிகம் என்பது நோய்த்தணிப்புச் செவிலியர்கள் நன்கறிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் குடும்பம் சம்மதிக்கும்.

மரணத்துக்குப் பின்னும் பணி தொடர்கிறது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும் சடங்கைக் கைவிட்டு, மருத்துவ விதிகளின்படி ஆழமாகக் குழிதோண்டி அடக்கம் செய்ய நேர்ந்தது. பிறருக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற சட்ட அடிப்படை அதற்கு இடமளித்தது. இலங்கையிலோ 2020இல் கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி எரிக்கப்பட்டன; 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. கோழிக்கோட்டில் அறிவியல், சமூகத்தோடு பேசியது. கொழும்பில் அரசு அறிவியலின் பெயரால் சமூகத்தைக் காயப்படுத்தியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நபிகள் நாயகம் தமக்கு ஊழியம் செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்தார் என்பது புகாரி நூலில் உள்ள செய்தி. பணிவிடைக்கு மத எல்லை இல்லை என்பதற்கு இதை எடுத்துக்காட்டுகிறோம். அதே அறிவிப்பில் சிறுவன் இஸ்லாத்துக்கு அழைக்கப்பட்டதும் இருக்கிறது. பல மதங்களின் சேவை அமைப்புகள் இயங்கும் பழங்குடிப் பகுதிகளில் இது நுட்பமான விஷயம். படுத்துக் கிடப்பவர் செவிலியரிடம் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வில் செய்யப்படும் எந்தப் பிரச்சாரமும், எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும், நிர்ப்பந்தத்தின் வாடை கொண்டது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது குர்ஆனின் நிலை. எனவே மருத்துவமனைச் சீருடையில் இருக்கும்போது பிரச்சாரம் கூடாது என்ற தொழில்நெறி, முஸ்லிம் செவிலியருக்கு வெளியிலிருந்து திணிக்கப்பட்ட விதி அல்ல.

சேவை என்ற சொல்லுக்குள் மறைந்த கூலி

கேரளத்தில் செவிலியப் பணி நெடுங்காலம் கிறிஸ்தவப் பெண்களின் தொழிலாகவே இருந்தது. அந்நிய உடலைத் தொடுவதும் இரவுப் பணியும் கௌரவக் குறைவு என்று மேல்சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒதுங்கி நின்றார்கள். முஸ்லிம் பெண்கள் இன்று இத்துறைக்கு வந்துவிட்டார்கள். தொழிலின் ஊதியம்தான் அதன் புனிதப் பேச்சுக்கு ஈடாக உயரவில்லை. 2011இல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கமும் மற்றவர்களும் நடத்திய தொடர் போராட்டத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரலில்தான் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தைக் கேரள அரசு 20,000 ரூபாயாக அறிவித்தது. பஞ்சாயத்துகளின் நோய்த்தணிப்புச் செவிலியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே இப்பணியைத் தொடங்கினார்கள்.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மரபு இது. கூட்டுக் கடமை என்றால், செவிலியர் என் கடனையும் உங்கள் கடனையும் சேர்த்து அடைக்கிறார் என்று பொருள். நம் சார்பில் வேலை செய்பவருக்குக் கூலியைக் குறைத்துவிட்டு, ‘இறைவன் கூலி தருவான்’ என்று சொல்வது கடனைத் தட்டிக்கழிப்பது.

அகளியின் கணக்கு

மலப்புரத்தின் வெற்றியை அப்படியே சுரம் ஏற்றி அட்டப்பாடியில் நட முடியாது. மலப்புரத்தில் தன்னார்வலருக்குக் கொஞ்சம் ஓய்வும், கடைக்காரருக்குக் கொஞ்சம் மிச்சமும், வளைகுடாவில் ஒரு பிள்ளையும் இருந்தன. அட்டப்பாடியின் 190க்கும் மேற்பட்ட ஆதிவாசி ஊர்களில் நிலம் கைமாறிப் போயிருக்கிறது; ராகியும் சாமையும் விளைந்த வயல்கள் சுருங்கிவிட்டன. 2013இல் அடுத்தடுத்து நிகழ்ந்த சிசு மரணங்கள் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தன. ரத்தசோகையும் எடைகுறைந்த பிறப்பும் சிக்கிள்செல் நோயும் அங்கே தீராத தொல்லை. 2018 பிப்ரவரி 22 அன்று, மனநலம் குன்றிக் காட்டில் தங்கியிருந்த மது என்ற ஆதிவாசி இளைஞரை, அரிசியும் உணவுப் பொருளும் திருடியதாகச் சொல்லி ஒரு கும்பல் பிடித்து அடித்தது. அவர் அகளி மருத்துவமனையை உயிரோடு அடையவில்லை. 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அண்டைவீட்டார் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவன் இறைநம்பிக்கையாளன் அல்ல என்று கற்பிக்கும் மார்க்கமும், அன்பைப் போதிக்கும் மற்ற மார்க்கங்களும் வாழும் ஊர்களுக்கு நடுவே நடந்தது இது. மதுவுக்குத் தேவைப்பட்டது ஒரு வேளைச் சோறும், மாதம் ஒருமுறை தேடிப்போய் மருந்து கொடுக்கும் ஒரு செவிலியரும்.

கூட்டுக் கடமை பற்றிய சட்டவியலில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஓர் ஊரார் தம் கடமையை நிறைவேற்றச் சக்தியற்றவர்கள் என்றால், அது கரைந்துபோவதில்லை. அடுத்த ஊருக்குப் போகிறது. அவர்களாலும் முடியாவிட்டால் அதற்கடுத்த ஊருக்கு, இப்படியே விரிந்துகொண்டு போகிறது. அகளி ஊர்களின் நோயாளி குறித்த கடன் சுரம் இறங்கி மண்ணார்க்காட்டுக்கும் பெரிந்தல்மண்ணாவுக்கும், ஆனைகட்டி கடந்து கோவைக்கும் வருகிறது. நோயாளி முஸ்லிமா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. ஸக்காத் என்ற கட்டாய தானத்தை முஸ்லிமல்லாதவருக்குத் தரலாமா என்பதில் சட்டப்பள்ளிகள் பெரும்பாலும் இறுக்கமானவை. சதக்காவுக்கும் வக்ஃபுக்கும் அந்தத் தடை இல்லை.

பாலக்காட்டின் இராவுத்தர் ஜமாஅத்துகளும் மலப்புரத்தின் மஹல்லு எனும் பள்ளிவாசல் சமூகங்களும் கோவையின் பள்ளிவாசல்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. புதிய மருத்துவமனை கட்டிப் பெயர்ப்பலகை வைப்பதைவிட, இருள, முடுக, குறும்பப் பெண்களைச் செவிலியப் படிப்புக்கு அனுப்பிக் கட்டணமும் விடுதிச் செலவும் ஏற்பது நல்லது. அவர்கள் படித்துத் திரும்பி வரும்போது, தம் ஊரில் தம் மொழியில் பணிவிடை செய்ய முழுச் சம்பளத்துக்கும் வழிசெய்ய வேண்டும். அரசு செய்ய வேண்டியது அரசின் பொறுப்பாகவே இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்குவதும் இந்தக் கடமையின் பகுதிதான். அகளியில் ஒரு நோயாளி கவனிப்பாரின்றிக் கிடக்கும்வரை, சுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழும் நாம் யாரும் இந்தக் கடனிலிருந்து விடுபட்டவர்கள் அல்ல.